கார்த்திகைக் குளிரில் நீ திறந்த ஜன்னல்

கண்ணு,

ஓசூர் போய்ச் சேர்ந்ததும் நீ போன் பண்ணினாய். சாப்பிட்டாயா என்று கேட்டேன், சாப்பிட்டேன் என்றாய், அதோடு வைத்துவிட்டோம். நம் இருவருக்கும் போனில் அவ்வளவுதான் பேச வரும். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். அப்பா கோத்தகிரி சந்தைக்குப் போயிருக்கிறார், அடுப்பில் ஒன்றும் இல்லை, இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. தை பிறந்தால் உனக்குக் கல்யாணம். கல்யாணம் ஆகப்போகிற மகனுக்கு ஒரு அம்மா எழுதுவதென்றால் அனுசரித்துப் போ, கோபத்தைக் குறை, வீட்டுக்கு நேரத்தோடு வா என்றுதான் எழுதவேண்டும். அதையெல்லாம் உன் பெரிய அத்தை ஒன்று விடாமல் சொல்வார், கேட்டுக்கொள். நான் எழுத உட்கார்ந்தது வேறு விஷயத்துக்கு. போன வாரம் நீ நம் வீட்டில் ஒரு ஜன்னலைத் திறந்தாய். அதைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

மேட்டுப்பாளையத்தில் இருந்து பெண் வீட்டார் நம் வீடு பார்க்க வந்திருந்தார்கள். கார்த்திகைக் குளிர். கீழே இருந்து வந்தவர்கள் ஆளுக்கு ஒரு ஸ்வெட்டரும் மப்ளருமாக, டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். உன் வருங்கால மாமியார் மட்டும் சால்வையை மடியில் சுருட்டி வைத்துவிட்டு, முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தார். முகம் சிவந்து, காதோரம் வேர்வை. அவருடைய தம்பி அதைப் பார்த்துவிட்டு, பொண்ணக் கட்டிக் குடுக்கற பயத்துல அக்காளுக்கு மலைக் குளிர்லயே வேர்த்துருச்சு என்று சொல்ல, கூடம் முழுக்கச் சிரிப்பு. அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே தலையைக் குனிந்தார். அப்போதுதான் ஆண்கள் வரிசையில் உட்கார்ந்திருந்த நீ எழுந்தாய். ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்த் தேயிலைத் தோட்டம் பார்த்த ஜன்னல் பக்கம் போட்டாய், கொக்கியை எடுத்துக் கதவைத் தள்ளினாய். பனிக்காற்று உள்ளே வந்தது. "இங்க உக்காருங்க அத்தை. கொஞ்ச நேரத்துல சரியாயிருமுங்க," என்றாய். ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாய். பெரிய அத்தை சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, மாப்பிள்ளைக்குக் கிறுக்கா என்பது போலப் பார்த்தார். நீ திரும்பிப் போய் உன் இடத்தில் உட்கார்ந்துகொண்டு, அவர்கள் ஊர் ரயில்வே கேட் பற்றி மாமனாரிடம் பேச ஆரம்பித்துவிட்டாய். அதற்குப் பிறகு அந்த அம்மாவை நீ ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு அதுதான் ரொம்பப் பிடித்தது.

நான் சமையலறைக்குப் போய், பஜ்ஜி எடுக்கப் போவது போலப் போய், கொஞ்ச நேரம் சும்மா நின்றேன். பெருமை என்றால் அப்படியொரு பெருமை. நீ முதல் வகுப்பில் பாஸானபோது எனக்குச் சந்தோஷம். வேலை கிடைத்தபோது நிம்மதி. இது வேறு. இந்தப் பிள்ளையை நான்தான் வளர்த்தேன் என்று ஊரைக் கூட்டிச் சொல்லவேண்டும் போல இருந்தது. நான் கொஞ்சம் கர்வக்காரி என்று உனக்குத் தெரியும், அதை நான் மறைப்பதும் இல்லை. ஏன் அத்தனை பெருமை என்றால், பத்து வருஷத்துக்கு முன்னால் இதே மாதிரிக் குளிரில், இதே மாதிரி வேர்த்து நின்ற ஒருத்திக்கு ஜன்னலைச் சாத்தியவனும் நீதான். அந்த ஒருத்தி நான். உனக்கு அது ஞாபகம் இருக்கிறதோ இல்லையோ, எனக்கு இருக்கிறது.

அப்போது நீ கல்லூரியில் இரண்டாம் வருஷம். தேயிலை விலை விழுந்து, இனி எழவே மாட்டேன் என்று கிடந்த காலம். ஒரு கிலோ பசுந்தேயிலை விற்ற காசில் கடையில் நின்று ஒரு டீ குடிக்க முடியாது. பறிக்கிற கூலிக்கே கட்டவில்லை என்று நம் பக்கத்துத் தோட்டக்காரர்கள் பறிக்காமலே விட்டார்கள். இடுப்பளவு நிற்கவேண்டிய செடியெல்லாம் மரமாக வளர்ந்து பூத்துக் காய்த்து நின்றதை நீ பார்த்திருக்கிறாய். நம் அரவேணுவைச் சுற்றியிருந்த பேக்டரிகள் முதலில் வாரத்தில் பாதி நாள் ஓடின, அப்புறம் ஒவ்வொன்றாகப் பூட்டின. நான் வேலை பார்த்த பேக்டரிக்குச் சொந்தத் தோட்டம் கிடையாது. சின்ன விவசாயிகளிடம் இலை வாங்கித் தூளாக்கிக் குன்னூர் ஏலத்துக்கு அனுப்புவதுதான் தொழில். விலை விழுந்ததும் மற்றவர்கள் கிடைத்த இலையை எல்லாம் வாங்கி அரைத்தார்கள். எங்கள் முதலாளி நேர் எதிராகப் போனார். கொழுந்தாகப் பறித்துக் கொடுப்பவர்களுக்குக் கொஞ்சம் கூடக் கொடுத்து வாங்குவோம், நல்ல தூள் போடுவோம், ஏலத்தில் நம் பேருக்கென்று ஒரு விலை வரும், வந்தால் பிழைப்போம், வராவிட்டால் பூட்டிவிட்டுக் கோயமுத்தூர் போய்விடலாம் என்றார். அந்தத் துணிச்சலில் பாதி என் நாக்கை நம்பி வந்தது.

நான் அங்கே டைப்பிஸ்டாகத்தான் சேர்ந்தேன். டீ ருசி பார்க்கிறவர் சொல்லச் சொல்லப் பக்கத்தில் நின்று எழுதிக்கொள்வது என் வேலை. எழுதி எழுதி, அவர் சொல்வதற்கு முன்னால் எனக்கே தெரிய ஆரம்பித்தது. அவர் குன்னூர்ப் பக்கம் வேறு வேலைக்குப் போனதும் முதலாளி என்னை அந்த மேஜைக்கு முன்னால் நிறுத்தினார். வெள்ளைக் கோப்பைகள் வரிசையாக இருக்கும். முந்தின நாள் தூள் ஒவ்வொன்றையும் ஒரே அளவில் போட்டு ஊறவைத்து, ஸ்பூனில் எடுத்துச் சத்தமாக உறிஞ்சி, வாய் முழுக்க ஓடவிட்டுத் துப்பவேண்டும். வீட்டில் அந்தச் சத்தத்தோடு யாராவது டீ குடித்தால் பெரிய அத்தை திட்டுவார், எனக்கு அதற்குத்தான் சம்பளம். அந்த மேஜைக்குப் போகிறவள் பூ வைக்கக் கூடாது, பவுடர் போடக் கூடாது, வாசனை எண்ணெய் கூடாது, காலையில் வெங்காயம் பூண்டு கூடாது. வெள்ளிக்கிழமையும் பூ இல்லாமல் வேலைக்குப் போகிறாளே என்று அத்தைக்கு என்மேல் தீராத வருத்தம். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் காலைக்கும் சேர்த்து வைத்துக்கொள்வேன்.

எனக்கு நாற்பத்தேழு வயது ஆனபோது மாதவிலக்கு தள்ளித் தள்ளி வந்து, அப்புறம் நின்றது. நிற்பதற்கு முன்பே சூடு ஆரம்பித்துவிட்டது. மார்பில் கிளம்பும், கழுத்தில் ஏறும், முகம் காது எல்லாம் தகிக்கும், வேர்த்துக் கொட்டும், நெஞ்சு படபடக்கும். அடங்கினதும் வேர்த்த துணியோடு குளிர் பிடுங்கும். ஸ்வெட்டரைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக நாள் போகும். படுத்தால் தூக்கம் கிடையாது. வாய் எந்நேரமும் உலர்ந்து கிடக்கும். தூங்காத நாக்குக்கு எல்லாக் கோப்பையும் ஒரே கோப்பைதான். நன்றாகத் தெரிந்த ஆள் பேர்கள் மறந்தன. காரணமே இல்லாமல் உன்மேலும் அப்பாமேலும் எரிந்து விழுந்தேன். அந்தச் சமயத்தில்தான் அந்தப் பஸ். கோத்தகிரியில் ஏறினோம், சாரல் அடித்துக்கொண்டிருந்தது, பஸ் முழுக்கக் கூட்டம். எனக்குச் சூடு ஏறியது, தாங்கவில்லை, ஷட்டரைத் தூக்கிவிட்டேன். சாரல் உள்ளே அடித்ததும் பின்னால் இருந்தவர்கள் சத்தம் போட்டார்கள், கண்டக்டர் வேறு கத்தினார். நீ என்னைத் தாண்டிக் கையை நீட்டி ஷட்டரை இறக்கினாய். "எல்லாரும் பாக்கறாங்கம்மா," என்று மெதுவாகச் சொன்னாய். உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. அம்மாவுக்கு என்ன ஆகிறது என்று யாரும் உனக்குச் சொல்லவில்லையே. சொல்லியிருக்கவேண்டியவள் நான்.

பெரிய அத்தை காரமடையில் இருந்து வந்து ஒரு மாதம் தங்கியது அப்போதுதான். என்னை ஒரு நாள் பார்த்தார், வியாதியைக் கண்டுபிடித்துவிட்டார். "பொழுதன்னைக்கும் டீத்தண்ணிய வாயில ஊத்துனா சூடு பிடிக்காம என்ன புள்ள பண்ணும்? மொதல்ல அந்த வேலைய உடு," என்றார். நான் குடிப்பதில்லை, துப்பிவிடுகிறேன் என்று சொன்னேன், அவர் காதில் ஏறவில்லை. உடம்புச் சூட்டைத் தணிக்க வைத்தியம் ஆரம்பமானது. விடிந்ததும் ஊறவைத்த வெந்தயம், பகலில் மோர், செவ்வாய் வெள்ளி தலை நிறைய விளக்கெண்ணெய் வைத்துக் குளியல். காரமடையில் அது சரி. பனி விழுகிற அரவேணுவில் ஈரத் தலையோடு பஸ் ஏறினால் என்ன ஆகும் என்று ரெண்டு பேரும் யோசிக்கவில்லை. இரண்டு வாரத்தில் எனக்குச் சளி பிடித்து மூக்கு அடைத்துக்கொண்டது. சூடு மட்டும் அப்படியே இருந்தது. மூக்கடைப்போடு நான் நல்லது என்று சொல்லி அனுப்பிய தூள், புளித்த வாடை அடிக்கிறது என்று குன்னூர் புரோக்கரிடம் இருந்து திரும்பி வந்தது. முதலாளி என்னைத் திட்டவில்லை. கொஞ்ச நாள் ஊட்டுல இருந்து ஒடம்பப் பாத்துக்குங்க அம்மிணி, அதுவரைக்கும் குன்னூர்ல ஒரு ஆளக் கேட்டுப் பாக்கறேன் என்று மரியாதையாகச் சொன்னார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. நான் கஷ்டப்பட்டு வந்து நின்ற இடம் கையை விட்டுப் போகப்போகிறது என்று அன்றைக்குத்தான் எனக்குப் பயம் வந்தது.

அப்பா அப்போது குந்தா பவர் ஹவுஸ் ஆபீசில் வேலை. மஞ்சூரில் தங்கிவிட்டு சனிக்கிழமை வருவார். அவரிடம் சொன்னேன். பாவம், அவரும் பயந்துபோனார். வேலையை விட்டுவிடு, என் சம்பளத்தில் எப்படியாவது ஓட்டிக்கொள்ளலாம் என்றார். அன்பாகத்தான் சொன்னார். எனக்கு வேண்டியது அது இல்லை. உள்ளூர் டாக்டர் ஒருவர் பிரஷர் பார்த்தார், எல்லாம் சரியாக இருக்கிறது, இந்த வயசுக்கு எல்லாருக்கும் வருவதுதான் என்று தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார். அதைப் போட்டால் மறுநாள் நாக்கு மரத்துக் கிடந்தது. கோயமுத்தூர் போய்ப் பெரிய டாக்டராகப் பார்க்கலாம் என்றால் தனியாகப் போகத் தைரியம் இல்லை. எனக்குப் பெண் பிள்ளை இல்லை. உனக்கு அக்கா தங்கை இல்லை. இருந்தது நீ ஒருத்தன். நீ சமையலறையில் எனக்குப் பட்டாணி உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தபோது சொல்லிவிட்டேன். மாதவிலக்கு நிற்பது, சுரக்கிற ஹார்மோன் குறைவது, சூடு, தூக்கம், நாக்கு எல்லாவற்றையும் சொன்னேன். நீ பட்டாணியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. காது சிவந்திருந்தது. சொல்லி முடித்ததும் ஒரு கேள்வி கேட்டாய்.

"இது வியாதியாம்மா?"

"வியாதி இல்ல கண்ணு. ஆனா மருந்து இருக்குதாமா."

"அப்ப வியாழக்கிழமை போலாம். எனக்கு அன்னைக்குக் கிளாஸ் இல்ல," என்றாய்.

அவ்வளவுதான். வருத்தப்பட்டு ஒரு வார்த்தை பேசவில்லை, அறிவுரை சொல்லவில்லை, எந்த நாள் போகலாம் என்று மட்டும் பார்த்தாய். கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் கூட்டம் நிரம்பி வழிந்தது. டாக்டர் நான் சொல்வதைப் பாதி கேட்டுவிட்டு ஹார்மோன் மாத்திரை எழுதினார். பொய் சொல்லக்கூடாது, அந்த மாத்திரை வேலை செய்தது. சில வாரத்தில் சூடு அடங்கியது, தூங்கினேன், மறுபடி பேக்டரிக்குப் போனேன், கோப்பைக்குக் கோப்பை வித்தியாசம் தெரிந்தது. ஆனால் ஒற்றைத் தலைவலி வந்தால் ஆளைக் கீழே சாய்த்தது. நின்றுபோன உதிரம் வேறு மாதாமாதம் வந்தது. இந்த மாத்திரையில் அப்படி வரக்கூடும் என்று முன்னால் ஒரு வார்த்தை யாராவது சொல்லியிருந்தால் பயந்திருக்க மாட்டேன். சொல்லவில்லை. ஹார்மோன் சாப்பிட்டால் கேன்சர் வரும் என்று யாரோ சொன்னதைப் பெரிய அத்தை போன் பண்ணிச் சொன்னார். அப்பாவும் வேண்டாம் என்றார். நானே மாத்திரையைத் தூக்கிப் போட்டேன். டாக்டரைக் கேட்காமல் ஆரம்பிப்பதும் தப்பு, கேட்காமல் நிறுத்துவதும் தப்பு என்று எனக்கு அப்போது தெரியாது. போன சூடு முன்னைவிட மோசமாகத் திரும்பி வந்தது.

இன்னொரு டாக்டரைப் பார்க்கலாம் என்று பிடிவாதம் பிடித்தது நீதான். நான் மாட்டேன் என்றேன். விதி என்று இருந்துவிடுகிறேன் என்றேன். "ஒரு டீ நல்லா இல்லைன்னா டீயே வேண்டாம்னா சொல்லுவீங்க?" என்று கேட்டாய். எனக்குக் கோபம் வந்தது, ஆனாலும் கிளம்பினேன். குன்னூரில் அந்த லேடி டாக்டர் உனக்கு ஞாபகம் இருக்கும், மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருப்பார். நீ வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாய். கூட யார் வந்தது என்று கேட்டார், மகன் என்றேன், உங்களுக்குச் சம்மதம் என்றால் உள்ளே வரட்டும், வீட்டில் ஒருத்தருக்குத் தெரிவது நல்லது என்றார். நான் சம்மதம் என்றேன். நீ வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தாய். அவர் கேள்வி கேட்டார், கேட்டார், கேட்டுக்கொண்டே இருந்தார். வீட்டில் யாருக்காவது மார்பில் கேன்சர் வந்ததா, எனக்குக் காலில் ரத்தம் கட்டியதுண்டா, மஞ்சள் காமாலை வந்ததா, மாத்திரை சாப்பிடாத நாளில் உதிரம் பட்டதா என்று ஒவ்வொன்றாக. அப்புறம் தலைவலிக்கு வந்தார்.

"தலைவலி வர்றதுக்கு முன்னாடி கண்ணுல ஏதாவது தெரியுமா?"

தெரியும் என்றேன். ஒரு ஓரத்தில் சின்னதாக ஆரம்பித்து, வெள்ளி ஜரிகை கோணல் மாணலாக நெளிவது போல மின்னிக்கொண்டே பெரிதாகும், அது மறைந்ததும் தலைவலி வரும், வயசுக்கு வந்த நாளில் இருந்தே அப்படித்தான் என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"இத யாரும் கேக்கலையா?"

"கேக்கலைங்க. நானும் சொல்லலைங்க. கண்ணாடி பவர்னு நெனச்சுட்டேன்."

அவர் நம் இருவருக்கும் பொதுவாகப் பார்த்து விளக்கினார். இப்படிக் கண்ணில் மின்னி வருகிற தலைவலிக்காரிக்கு வாயில் போடுகிற ஹார்மோன் மாத்திரை ஏற்றது இல்லை, அது ரத்தம் கட்டுகிற ஆபத்தைக் கூட்டும். அதே ஹார்மோனைத் தோல் வழியாகக் கொடுத்தால் அந்தப் பயம் குறைவு. ஜெல்லாக வருகிறது, தொடையிலோ கையிலோ தடவிக்கொள்ளலாம். கர்ப்பப்பை இருப்பதால் அதை மட்டும் தடவினால் போதாது, உள்சுவர் தடித்துவிடாமல் இருக்க இன்னொரு ஹார்மோன் காப்ஸ்யூலும் சேர்த்துப் போடவேண்டும். அதற்கு முன்னால் ஸ்கேன், மார்புக்கு எக்ஸ்ரே, பிரஷர் எல்லாம் பார்த்துவிட வேண்டும். கேன்சர் வருமா என்று நேராகக் கேட்டேன். வரவே வராது என்று பொய் சொல்லாதது எனக்குப் பிடித்தது. வருஷக்கணக்கில் எடுத்தால் மார்புக் கேன்சர் வாய்ப்பு கொஞ்சம் கூடும், அது எந்த மருந்து, எத்தனை காலம் என்பதைப் பொறுத்தது, உங்கள் குடும்பத்தில் அது இல்லை, வருஷா வருஷம் வாருங்கள், வேண்டுமா வேண்டாமா என்று அப்போதைக்கு அப்போது பேசி முடிவு செய்வோம் என்றார். மருந்தே வேண்டாம் என்றாலும் அதுவும் சரிதான், வேறு வழிகளும் இருக்கின்றன என்றார். முடிவை என்னிடம் விட்டார். அதுவரைக்கும் என் உடம்பைப் பற்றி எல்லாரும் முடிவு சொன்னார்கள், என்னைக் கேட்டவர் அவர் ஒருவர்தான்.

அதற்காக மறுநாளே எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. முதல் நாள் காலையில் குளித்துவிட்டு ஜெல்லைத் தடவிக்கொண்டு பேக்டரிக்குப் போனேன். அதில் ஸ்பிரிட் கலந்திருக்கிறது. காய்ந்துவிட்டது என்று மற்றவர்களுக்குத் தோன்றும், என் மூக்குக்குக் காயவில்லை. உறிஞ்சிய ஒவ்வொரு கோப்பையும் ஊசி போடுகிற அறை வாசனை அடித்தது. பூ வேண்டாம் பவுடர் வேண்டாம் என்று இத்தனை வருஷம் பாதுகாத்த மூக்குக்கு முன்னால் நானே ஆஸ்பத்திரியைக் கொண்டுபோய் வைத்துவிட்டேன். டாக்டரிடம் போய்ச் சொன்னபோது அவர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே. இந்தக் கஷ்டம் உங்கள் ஊரில் உங்களுக்கு மட்டும்தான் வரும் என்றார். சாயங்காலம் தடவிக்கொள்ளலாம் என்று மாற்றினார். முதலில் கொடுத்த அளவில் சூடு பாதிதான் குறைந்தது, கொஞ்சம் கூட்டினார். மார்பு வலித்தது, சில வாரத்தில் அது போனது. நடுவில் ஒரு நாள் லேசாக உதிரம் பட்டது, இந்தத் தடவை பயந்து நிறுத்தாமல் போய்க் காட்டினேன், ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். இப்படி மெல்ல மெல்லத்தான் எனக்குப் பொருந்தியது. எனக்குப் பதிலாக முதலாளி வரவழைத்த குன்னூர்க்காரர் அங்கேயே இருந்தார், நானும் போய் அவர் பக்கத்தில் நின்றேன். முதலாளி இரண்டு பேரையும் வைத்துக்கொண்டு யார் சொல்வதைக் கேட்பது என்று தெரியாமல் இருந்தார்.

அந்த மழைக்காலத்தில்தான் லாரி விஷயம் நடந்தது. உனக்குப் பாதி தெரியும், முழுக்கச் சொல்கிறேன். ஏலத்துக்குப் போகவேண்டிய தூள் மூட்டை மூட்டையாக லாரியில் ஏறிவிட்டது. நான் கடைசியாக ஒரு தடவை ஊறவைத்து உறிஞ்சினேன். அடியில் புகை. ரொம்ப மெல்லியது, துப்பின பிறகும் தொண்டையில் தங்குகிற மாதிரி. குன்னூர்க்காரர் உறிஞ்சிப் பார்த்தார், ஒன்றுமில்லை என்றார். முதலாளி பார்த்தார், அவருக்கும் தெரியவில்லை. "வேற யாருக்கும் தெரியலீங்களே அம்மிணி. நல்லாத் தெரியுதுங்களா?" என்று கேட்டார். அவர் முகத்தில் அந்தப் புளித்த தூள் திரும்பி வந்த நாள் தெரிந்தது. எனக்கும் அதுதான் ஞாபகம் வந்தது. இன்னொரு கோப்பை ஊற்றி, கண்ணை மூடிக்கொண்டு உறிஞ்சினேன். முந்தின நாள் நன்றாகத் தூங்கியிருந்தேன், உடம்பு சாந்தமாக இருந்தது, மூக்கு சுத்தமாக இருந்தது. என் நாக்கு எனக்குத் திரும்பி வந்துவிட்டது என்று அந்த வாய் டீயில்தான் நிச்சயமாகத் தெரிந்தது. "தெரியுதுங்க. லாரிய அனுப்பாதீங்க," என்றேன். அவர் மழையில் இறங்கிப் போய் லாரி டிரைவரைக் கூப்பிட்டார். அப்புறம் மூட்டையை இறக்கச் சொன்னார். இலை காயவைக்கிற டிரையரைக் கழற்றிப் பார்த்தபோது சூடு போகிற குழாயில் ஒரு விரிசல், ஈர விறகுப் புகை அதில் கசிந்துகொண்டிருந்தது. அதைக் கண்டுபிடிக்காமல் விட்டிருந்தால் அடுத்தடுத்த வாரத் தூளும் அப்படித்தான் போயிருக்கும், எங்கள் பேர் கெட்டுப் பேக்டரி பூட்டியிருக்கும். நான்தான் கண்டுபிடித்தேன். இதை எழுதும்போது எனக்குக் கூச்சமே இல்லை. பத்து வருஷம் கழித்தும் அந்தப் பேக்டரிச் சங்கு ஊதுகிறது, நான் இன்னும் அந்த மேஜை முன்னால் நிற்கிறேன். போன வருஷம்தான் டாக்டரும் நானும் பேசி, அளவைக் குறைத்துக் குறைத்து ஜெல்லை நிறுத்தினோம்.

என் பெருமையைச் சொன்னேன், உன் பெருமையையும் சொல்லிவிடுகிறேன். அந்த வருஷங்களில் ஜெல்லும் காப்ஸ்யூலும் குன்னூரில் வாங்கி வருவது உன் வேலை. பெண்கள் சாமான் எதுவானாலும் மருந்துக்கடைக்காரர் நியூஸ்பேப்பரில் சுற்றித்தானே கொடுப்பார். ஒரு தடவை நானும் கூட இருந்தேன். அவர் பேப்பரைக் கிழித்துச் சுற்றப் போனார். "பேப்பர் வேண்டாங்க, எங்கம்மா மருந்துதான்," என்று சொல்லி அப்படியே வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டாய். டியூப்பின் தலை பைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பஸ் முழுக்க ஆட்கள். எல்லாரும் பார்க்கிறார்களே என்று ஷட்டரை இறக்கிய பையன்தான் அப்படி உட்கார்ந்து வந்தான். அதனால் உனக்கு ஒன்றே ஒன்று சொல்கிறேன். உன் மனைவிக்கும் ஒரு காலத்தில் இந்த நாள் வரும். அப்போது அம்மாவுக்கு ஜெல்தான் ஒத்துக்கொண்டது என்று நீயாக வாங்கிக்கொண்டு போய் நிற்காதே. எனக்குப் பொருந்தியது அவளுக்குப் பொருந்தவேண்டும் என்று இல்லை. அவளுக்கு எது என்று அவளும் டாக்டரும் தேடட்டும். நீ எந்த நாள் லீவு என்று மட்டும் பார். உள்ளே வா என்று அவள் சொன்னால் உள்ளே போய் உட்கார்.

நேற்று உன் மாமியார் போன் பண்ணினார். கல்யாணச் சாமான் பற்றிப் பேசினார், ஜவுளி பற்றிப் பேசினார், பேச்சை முடிக்காமல் இழுத்துக்கொண்டே இருந்தார். கடைசியில், "ஏனுங்க சம்பந்தி, மாப்பிள்ளைக்கு அது எப்படிங்க தெரிஞ்சுது?" என்று கேட்டார். நான் சொன்னேன், உனக்கு எழுதியதை எல்லாம் அவருக்கும் சொன்னேன். அப்புறம் மெதுவாகச் சொன்னார். "மணவறையில அத்தன பேரு முன்னாடி வேர்த்து வடிஞ்சா நல்லா இருக்காதுன்னு, நான் சமையக்கட்டுப் பக்கமே இருந்துக்கலாம்னு இருந்தேனுங்க." ஒன்றரை வருஷமாக இந்தச் சூட்டை யாரிடமும் சொல்லாமல், பெற்ற பெண்ணின் தாலிகட்டைக்கூடப் பார்க்காமல் இருந்துவிடலாம் என்று ஒருத்தி பூட்டி வைத்திருந்ததை நீ ஒரு கொக்கியை எடுத்துத் திறந்துவிட்டாய். புதன்கிழமை அவரும் நானும் குன்னூர் போகிறோம். உன்னைக் கட்டிக்கொள்ளப் போகிறவளும் வருகிறாளாம். வெளியே பெஞ்சில் உட்கார மாட்டேன், உள்ளேதான் வருவேன் என்று சொல்லிவிட்டாளாம். நல்ல பெண்ணாகத்தான் பார்த்திருக்கிறோம்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அப்பா வந்துவிட்டார். சந்தைக்குப் போகிறவரிடம், அப்படியே கல்யாண மண்டபத்தில் மணவறைப் பக்கம் ஜன்னல் இருக்கிறதா என்று பார்த்து வாருங்கள் என்று சொல்லியிருந்தேன். எதற்கு என்று கேட்டார், காரணத்தைச் சொன்னேன். பையை எடுத்துக்கொண்டு போனார். இப்போது கோஸையும் கேரட்டையும் கீழே வைத்துவிட்டுச் சொல்கிறார். ஜன்னல் இருக்கிறதாம். பொண்ணோட அம்மா நிற்கிற இடத்துக்கு நேர் பின்னால்தானாம். கொக்கி துருப்பிடித்து இறுகிக் கிடந்ததாம், பக்கத்துக் கடையில் எண்ணெய் வாங்கி ஊற்றித் திறந்து பார்த்துவிட்டுத்தான் வந்தாராம். தாலி கட்டுகிறவனுக்கு எழுந்து போய் ஜன்னல் திறக்க நேரம் இருக்காது, அன்றைக்கு அதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று உனக்கு எழுதச் சொல்கிறார்.

அம்மா